ஆடி மழையும் அடுக்களைத் தோட்டமும்

ஆடி மாதம் என்றதும் யாழ்ப்பாணத்தவர் உள்ளத்தில் எழுவன சோளகக் காற்றும், காய்ந்த மண்ணும், ஆடிக் கூழுமே. கிணற்று நீர் கீழிறங்கிவிடும். தோட்டக்காரர் பயிரைக் காப்பதற்கு நீரிறைப்பதிலேயே தம் பொழுதிற் பெரும்பகுதியைக் கழிப்பர். அதே ஆடி மாதத்தில், அதே தென்மேற்குக் காற்று, இத்தீவின் நடுவேயுள்ள மலைகளில் மோதி, மேலெழுந்து குளிர்ந்து, நாட்கணக்காக மழையைச் சொரிகின்றது. ஒரு காற்று ஓரிடத்தில் மண்ணை உலர்த்துகின்றது. மற்றோரிடத்தில் மண்ணை ஊறவைக்கின்றது.

யாழ்ப்பாணத்திற் பிறந்து, எமது இந்துக் கல்லூரியிற் கற்று, பயிற்றப்பட்ட ஆசிரியராகி, மலைநாட்டுப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பித்து வரும் நாம், இவ்வேற்றுமையை மாணவப் பருவத்திலேயே புவியியற் பாடத்திற் படித்தோம். ஆயினும் அதனைக் கைகளாற் கற்றது 2022 ஆம் ஆண்டிலேயே. பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டியபோது, இலக்கியம் பற்றி எழுதுதல் எமக்கு எளிதாயிருந்திருக்கும். எனினும், நாம் பிழையாகக் கற்பித்துப் பின் திருத்திக் கொண்ட ஒரு பாடத்தை எழுதுதலே கற்பித்த அன்னைக்குச் செய்யும் உண்மையான கடனாகும் எனத் துணிந்தோம். குளிரும் மழையும் விடாது நிற்கும் மாதங்களில் வீட்டு மரக்கறித் தோட்டத்தைப் பேணுமாறு எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நிலமும் பருவமும்

நுவரெலியா நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதனை அடுத்த ஊர்களிலே ஆனி, ஆடி மாதங்களிற் பகல் வெப்பநிலை 18 அல்லது 19 பாகை சதமளவில் நிற்கும். இரவில் 12 அல்லது 13 பாகைக்கு இறங்கும். சூரியனைக் காணாத நாட்கள் பல. மழை கொட்டித் தீர்ந்து ஓய்வதன்று. தூறலாயும், மூடுபனியாயும், மீண்டும் மழையாயும் வந்து இலைகளை உலரவிடாது வைத்திருக்கும்.

குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதுகளாகத் தொல்காப்பியர் வகுத்தமை தமிழ் பயில்வோர் யாவரும் அறிந்ததே. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிராம். இம்மலைகளிலோ ஐப்பசிக்கு முன்னரே, ஆனியிலும் ஆடியிலும் ஒரு கூதிர் வந்து செல்கின்றது. பின்னர் ஐப்பசியில் மற்றொன்று வருகின்றது. தமிழகத்தில் வழங்கும் “ஆடிப் பட்டம் தேடி விதை” என்னும் பழமொழியை இங்குள்ள தோட்டக்காரர் கடைப்பிடிப்பாராயின், வித்தினைத் தேடி விதைத்து அழுகக் காண்பர். பழமொழி பொய்யன்று, அது பிறந்த நிலம் வேறு. எமது பிழையும் இவ்வகையினதே.

நாம் கற்பித்த பிழையான பாடம்

2021 மே மாதத்தில் இந்நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அத்தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோதிலும், அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி இன்மையாற் பசளையும் எரிபொருளும் அரிதாயின. 2022 யூன் மாதத்தில், அரச ஊழியர் வீட்டுத் தோட்டம் செய்யும் பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அமைச்சரவை தீர்மானித்தது. எரிபொருள் இன்மையாற் பாடசாலைகளும் மூடப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிற்று. அக்காலத்தில் வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்காக இருக்கவில்லை. இராப்போசனத்துக்கு ஒரு கறி உண்டா இல்லையா என்பதை அதுவே தீர்மானித்தது.

ஆசிரியர் விடுதியின் பின்புறத்தில் ஏறக்குறையக் கால் பரப்பு நிலம் எமக்கிருந்தது. எமது தந்தையார் வெங்காயமும் மிளகாயும் செய்தவர். ஆதலின் தோட்டக்கலை எமக்குப் பிறப்புரிமை என்னும் செருக்கு எம்மிடம் இருந்தது. சித்திரைக் கடைசியில், ஊரிற் கண்டவாறே, நாற்புறமும் வரம்புயர்த்திப் பள்ளமான பாத்திகளை அமைத்தோம். உருளைக்கிழங்கு, கோவா, தக்காளி, போஞ்சி ஆகியவற்றை நெருக்கமாக நட்டு, எருவைத் தாராளமாக இட்டோம். அத்துடன் அமையாது, எமது வகுப்பு மாணவரையும் அவ்வாறே செய்யுமாறு ஊக்கினோம். பன்னிரண்டு குடும்பங்கள் ஆசிரியர் சொல்லை மதித்து, லயங்களின் ஓரத்திலிருந்த சிறு துண்டு நிலங்களிற் பாத்தி கட்டின.

ஆனி மாதம் பிறந்தது. நீரைத் தேக்குதற்கென நாம் கட்டிய வரம்புகள் தம் கடமையைச் செவ்வனே செய்தன. பாத்திகள் சிறு குளங்களாயின. போஞ்சி வித்து முளைக்குமுன்னரே அழுகிற்று. கோவா நண்பகலில் வாடி மாலையில் நிமிர்ந்து, சில நாட்களில் நிமிராமலே கிடந்தது. உருளைக்கிழங்கின் இலை நுனியில் ஒரு காலை கரும்பழுப்பு நிறத்திற் பொட்டுக்கள் தோன்றின. ஒன்பதாம் நாள் பாத்தி முழுவதும் கருகி நாறிற்று. பன்னிரண்டு வீடுகளிலும் இதே கதை. அவர்களோ விதைக் கிழங்கைக் கடன் பட்டு வாங்கியவர்கள்.

அடுத்த வீட்டில், தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் வாழ்ந்தார். அவர் வேலிக்கு அப்பாலிருந்து எமது பாத்திகளைச் சிறிது நேரம் நோக்கிவிட்டு, “சேர், செடிக்குச் சோறு போட்டீங்க, மூச்சுவிட வழி வைக்கலையே. மொதல்ல கானை வெட்டுங்க” என்றார். எமது பயிற்சிக் காலத்தில் நாம் கேட்ட விரிவுரைகள் பலவற்றிலும் இவ்வொரு வாக்கியம் எம்முள் ஆழப் பதிந்தது. வறண்ட நிலத்தில் தோட்டக்காரனின் கலை நீரைக் கொணர்தல். ஈர நிலத்தில் அவன் கலை நீரைப் போக்குதல். பின்வருவன யாவும் இவ்வொரு கருத்தின் விரிவே.

நீரைப் போக்கும் முறை

வேரும் சுவாசிக்கின்றது. மண் துணிக்கைகளின் இடைவெளியிற் காற்று உள்ளவரையிலேயே வேர் உயிரோடிருக்கும். அவ்விடைவெளிகளை நீர் நிரப்பிவிடின் ஒட்சிசன் அற்று வேர் அழுகும். அதன்பின் எவ்வளவு எரு இடினும் அதனை உண்ண வாயில்லை.

ஆதலின், முதலிற் செய்யத்தக்கது மேட்டுப் பாத்தி. ஒரு மீற்றர் அகலமும், 25 சதமமீற்றர் உயரமும் உடையதாகப் பாத்தியை அமைத்து, அதன் மேற்பரப்பைச் சற்றுக் குவிவாக விடுதல் வேண்டும். இரு பாத்திகளுக்கிடையே நடைபாதையும் வடிகாலுமாக ஒரு கான் வெட்டப்படும். மலைச்சரிவிற் கானை மேலிருந்து கீழ்நோக்கி நேரே வெட்டுதல் பெருந்தவறு. நீர் விரைந்தோடி மண்ணையும் கொண்டு செல்லும். சரிவுக்குக் குறுக்காக, நூறடி தூரத்துக்கு ஓரடி இறக்கம் என்னும் அளவில் வெட்டினால், நீர் நடந்து செல்லும்; ஓடாது. கானினுள்ளே இடையிடையே சிறு குழிகள் தோண்டினால் வண்டல் அவற்றிற் படியும். மழை ஓய்ந்தபின் அவ்வண்டலை அள்ளி மீண்டும் பாத்தியில் இடலாம். தேயிலைத் தோட்டங்களிற் கையாளப்படும் இம்முறையை எமக்குக் காட்டித் தந்தவர் அம்முதியவரே. கயிறு பிடித்து, கண்ணால் அளந்து, ஒரு வெள்ளிக்கிழமைக்குள் கானை வெட்டி முடித்தோம். மறுநாள் பெய்த மழை எமது நிலத்தைக் கடந்து அமைதியாக வெளியேறிய காட்சியை நெடுநேரம் நின்று பார்த்தோம்.

ஈரமான மண்ணை மிதித்தலும் கொத்துதலும் ஆகா. மிதித்த இடத்தில் இடைவெளிகள் அடைபட்டு மண் களியாகி இறுகும். கையிற் பிடித்த மண் உதிராமல் உருண்டையாகவே நிற்குமாயின், அன்று மண்வெட்டியை எடுக்க வேண்டாம்.

இலையின் ஈரமும் நோயும்

எமது உருளைக்கிழங்கை அழித்தது பின்வெளிறல் எனப்படும் நோய். பைற்றோப்தோரா இன்பெஸ்ரன்ஸ் என்னும் நுண்ணுயிரி அதற்குக் காரணம். 1845 இல் அயர்லாந்தின் வயல்களை அழித்ததும் இதுவே. அந்நாட்டு ஏழை மக்கள் உருளைக்கிழங்கையே முழுமையாக நம்பியிருந்தமையால், தொடர்ந்துவந்த பஞ்சத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர் மாண்டனர்; அதனினும் மிக்கோர் நாடு விட்டகன்றனர். இலங்கை மலைநாட்டிலும் ஓர் இலைநோய் வரலாற்றை மாற்றியதுண்டு. 1869 இல் இங்கு அறியப்பட்ட கோப்பித் துரு நோய் கோப்பிப் பயிரை வீழ்த்த, அவ்விடத்தைத் தேயிலை பெற்றது. நோய்கள் இரண்டாயினும் இலையின் மேல் தங்கும் ஈரமே இரண்டுக்கும் வாயில்.

பின்வெளிறல் எப்பொழுது வரும் என்பதை முன்னறிய வழியுண்டு. 1956 இல் இங்கிலாந்தில் ஸ்மித் என்பார் ஓர் அளவுகோலை வகுத்தார். தொடர்ந்து இரு நாட்கள் வெப்பநிலை 10 பாகைக்குக் குறையாதும், ஒவ்வொரு நாளும் 11 மணி நேரமாயினும் காற்றின் சாரீரப்பதன் 90 சதவீதத்துக்குக் குறையாதும் இருப்பின், நோய் வரும் என எதிர்பார்க்கலாம். 2017 முதல் அந்நாட்டில் இப்பதினொரு மணி நேரம் ஆறாகக் குறைக்கப்பட்டு, ஹட்டன் அளவுகோல் எனப் பெயர் பெற்றது. இது எமது மலைநாட்டு ஹட்டன் நகரைக் குறிப்பதன்று. ஸ்கொத்லாந்திலுள்ள ஜேம்ஸ் ஹட்டன் ஆய்வு நிலையத்தின் பெயரால் வந்தது. ஆயினும் ஆடி மாதத்து மலைநாட்டில் இவ்வளவுகோல் நிறைவேறாத நாட்களே சில என்பது ஈண்டு நோக்கற்பாலது. எனவே இங்கே நோய் வருமா என்பது வினாவன்று. இலையை எவ்வளவு விரைவில் உலர்த்தலாம் என்பதே வினா.

அதற்கான வழிகள் வருமாறு: உருளைக்கிழங்கை நிரைக்கு நிரை 60 சதமமீற்றருக்குக் குறையாத இடைவெளியில், காற்று வீசும் திசைக்கு இசைய நடுதல். தக்காளிக்குக் கம்பு நட்டுக் கட்டி, நிலத்தைத் தொடும் கீழிலைகளை நீக்குதல். அதன் மேல் மூங்கிலை வளைத்துப் பொலித்தீனைக் கூரையாக இட்டு, பக்கங்களைத் திறந்தே விடுதல்; மூடிய கூடாரம் ஈரத்தைச் சிறைப்படுத்தும். இலை நனைந்திருக்கும்போது செடியிடையே நடமாடாதிருத்தல். நோய்கண்ட இலையைக் கிள்ளி, தோட்டத்துக்கு அப்பால் ஆழப் புதைத்தல். முந்திய போகத்திற் கிண்டாமல் விட்ட கிழங்கிலிருந்து தானே முளைக்கும் செடிகளைப் பிடுங்குதல். நோய் அக்கிழங்குகளிலேயே உறங்கிக் கிடக்கும்.

காப்பு மருந்தாகப் போர்டோக் கலவையைப் பயன்படுத்தலாம். பிரான்சு நாட்டு அறிஞர் மிலார்டே 1885 இல் திராட்சைக் கொடிக்கென வெளியிட்டது அது. பத்துக் கிராம் மயில்துத்தத்தை அரை லீற்றர் நீரிலும், பத்துக் கிராம் சுண்ணாம்பை அரை லீற்றர் நீரிலும் வெவ்வேறாகக் கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரினுள் ஊற்றிக் கலக்குக. உலோகப் பாத்திரம் ஆகாது. கலவையில் இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் அமிழ்த்த, அதில் செம்பு நிறம் படியுமாயின் சுண்ணாம்பு போதாது என அறிக. இக்கலவை வருமுன் காக்குமேயன்றி வந்தபின் மாற்றாது. அளவு மீறின் செம்பு மண்ணிற் சேர்ந்து கேடு விளைக்கும். ஆதலின் இதனைக் கடைசித் துணையாகவே கொள்க.

இத்தனையும் செய்தும் இலைகள் கருகத் தொடங்கினால் மனந்தளர வேண்டாம். தண்டுகளை நில மட்டத்தில் வெட்டி அகற்றிவிட்டு, இரண்டு மூன்று கிழமைகள் பொறுத்துக் கிழங்கைக் கிண்டுக. தோல் முற்றும், மேல்மண்ணிலுள்ள நோய்வித்துக்களும் பெரும்பாலும் அழியும். நிரைக்கு மண்ணை உயர அணைத்திருப்பின் கிழங்குகள் தப்பும்.

மண்ணின் புளிப்பு

வாடிய கோவாவைப் பிடுங்கிப் பார்த்தபோது, அதன் வேர்கள் வீங்கி, முடிச்சுப் பட்ட விரல்கள் போலிருந்தன. இது வேர்க்கழலை நோய். ஈரமான புளிப்பு மண்ணிற் செழிப்பது. மலைநாட்டின் செம்மஞ்சள் மண் மழையாற் கழுவப்பட்டுச் சுண்ணத்தை இழந்து புளிப்புற்றது. விஞ்ஞான ஆசிரியரிடம் இரவல் பெற்ற தாளினாற் சோதித்தபோது எமது மண்ணின் பீஎச் பெறுமானம் 5 எனக் காட்டிற்று.

இந்நோயின் வித்துக்கள் மண்ணிற் பல ஆண்டுகள் உயிரோடிருப்பனவாதலால், மருந்து தேடுவதிற் பயனில்லை. கோவா, நோக்கோல், முள்ளங்கி ஆகிய யாவும் ஒரே குடும்பத்தினவாதலின், ஒன்றின்பின் ஒன்றாக அதே பாத்தியில் அவற்றை நடலாகாது. நடுவதற்குச் சில கிழமைகளின் முன்னர், மண்ணைச் சோதித்து, விவசாய உத்தியோகத்தர் கூறும் அளவில் டொலமைற்றுச் சுண்ணாம்பு இடுதல் வேண்டும். ஆனால் உருளைக்கிழங்குப் பாத்திக்குச் சுண்ணாம்பை இட்டாற் கிழங்கிற் சொறி நோய் மிகும். ஒரு பயிரின் மருந்து மற்றொரு பயிரின் நோயாதலை இங்கு காண்கின்றோம்.

பசளையும் நத்தையும்

மழைக்காலத்தில் இலைகள் மஞ்சளாவதைக் கண்டு எருவை அள்ளியிடுவது எளிய பிழை. நைதரேற்று நீரிற் கரைந்து வேருக்குக் கீழே சென்றுவிடுகின்றது. குளிரிலோ எருவை நைதரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் மந்தமாகவே உழைக்கின்றன. ஆகவே முழுவதையும் ஒரே தடவையில் இடாது, சிறிது சிறிதாக, மழை தணிந்த நாட்களில் இடுக. கூட்டெருக் குவியலை மூடி வைக்காவிடின் அதன் சத்து கானிலே போகும்.

ஓடில்லா நத்தைகள் இக்காலத்துப் பெரும்பகை. அவற்றுக்குச் சாம்பல் தூவுவோம். நனைந்த சாம்பலாற் பயனில்லை. பழைய சாக்கொன்றை நனைத்துப் பாத்தியோரத்தில் இரவில் விரித்து, விடியலில் தூக்கிப் பார்த்தால் அவை அதன் கீழே கூடியிருக்கும், எடுத்து அகற்றலாம். எமது பிள்ளைகள் இருவரும் இவ்வேலையைப் போட்டியிட்டுச் செய்தனர்.

எதனை நடுவது?

ஈரத்தைப் பொறுப்பவற்றுள் லீக்ஸ் முதன்மையானது. நோக்கோல் இரண்டு மாதத்தளவிலும், முள்ளங்கி அதனினும் விரைவாகவும் பயன்தரும். போஞ்சியை நேரே ஊன்றாது, தாழ்வாரத்தின் கீழ் சிரட்டையில் முளைக்கவைத்து நடுதல் நலம். கரற்றுக்கு வடிகால் மிக நன்றாக இருத்தல் வேண்டும். இன்றேற் கிழங்கு அழுகும். இவற்றுள் எதனையும் தனித்து நம்பலாகாது. ஐந்து பயிர்களை நட்டவர் வீட்டில், மூன்று கெடினும் அடுப்பு எரியும். அயர்லாந்தின் துயரம் புகட்டும் பாடமும் அதுவே.

முடிவுரை

கானை வெட்டியதன்பின் நாம் செய்த அடுத்த வேலை கடினமானது. பன்னிரண்டு வீடுகளுக்கும் நடந்து சென்று, “நாம் சொன்ன முறை இந்நிலத்துக்குப் பிழை” என்று கூறினோம். ஆசிரியர் ஒருவருக்கு இவ்வாக்கியம் எளிதன்று. எவரும் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. தேநீர் தந்தனர், சீனி இருக்கவில்லை. அம்முதியவரும் எம்முடன் வந்து வீடு வீடாகக் கானின் போக்கைக் காட்டினார். எமது இல்லாள் தாழ்வாரத்தில் வளர்த்த நோக்கோல், லீக்ஸ் நாற்றுக்களைப் பகிர்ந்து கொடுத்தோம்.

ஆடிக் கடைசியில் மீண்டும் நட்டோம். புரட்டாதியில் முள்ளங்கியும் நோக்கோலும் கறிக்கு வந்தன. ஐப்பசியிற் கிண்டிய உருளைக்கிழங்கு ஒரு சாக்கிற்குச் சற்றுக் குறைவு. லீக்ஸ் மார்கழி வரை நின்றது. பதினொரு வீடுகளில் அடுப்பங்கரைக்கு ஏதோவொன்று வந்து சேர்ந்தது. பன்னிரண்டாவது வீட்டார் முதற் கடனைத் தீர்க்கும் பொருட்டுக் கொழும்புக்கு வேலை தேடிச் சென்றுவிட்டனர். அவ்வீட்டு மாணவி அதன்பின் எமது வகுப்புக்கு வரவில்லை. அவ்விழப்பிற் காலத்தின் கொடுமைக்கும் பங்குண்டு. எமது சொல்லுக்கும் பங்குண்டு. ஆண்டுதோறும் ஆனி பிறக்கும்போது, கானைத் துப்புரவாக்க மண்வெட்டியை எடுக்கையில், அவ்வெற்றிருக்கை எம் கண்முன் வருகின்றது.

கற்றதை அப்படியே ஒப்புவித்தல் கல்வியன்று. கற்றதை நின்ற நிலத்துக்கேற்ப மாற்றியமைத்தலே கல்வி. எமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று வறண்ட நாடுகளிலும் பனி பெய்யும் நாடுகளிலும் வாழ்கின்றனர். அவர்களிற் பலர் வீட்டின் பின்புறத்திற் சிறிது நிலத்தைக் கொத்தி, ஊர் நினைவோடு ஒரு கத்தரியையோ மிளகாயையோ நட்டிருப்பர். அவர்களுக்கு நாம் கூறத் துணிவது இதுவே: மண்வெட்டியை எடுக்குமுன், அந்நிலத்தில் நெடுநாள் வாழ்ந்த ஒருவரிடம், “இங்கே நீர் எவ்வழி வருகின்றது, எவ்வழி போகின்றது?” என்று கேளுங்கள்.

எம்மைக் கேட்கக் கற்பித்த கல்லூரி அன்னை நீடு வாழ்க!